திருநர் வாக்காளர்களும் வாக்காளர் பட்டியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநங்கைகள், திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்), ஊடுபாலினர் (ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்தவர்கள்), தன்பாலீர்ப்பாளர் ஆகியோரின் வாக்குரிமை நடைமுறையில் எங்கே தடைபடுகிறது, அதை எப்படி அளப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதற்கான பக்கம் இது. களப்பணியாளர்கள், கொள்கை ஆய்வு செய்பவர்கள், பெயர் சேர்க்க அலைந்துகொண்டிருப்பவர்கள் எல்லோரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

18 வயது நிறைந்த எல்லோருக்கும் ஓட்டு உண்டே. இதில் தனியாக ஆராய என்ன இருக்கிறது?

அரசியலமைப்பின் 326ஆவது பிரிவில் பாலினத் தடை எதுவும் இல்லை. எந்தச் சட்டமும் திருநருக்கு ஓட்டு இல்லை என்று சொல்லவில்லை. சிக்கலெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் ஒருவருடைய பதிவைப் பாருங்கள்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கதவிலக்கம், வயது, பாலினம், புகைப்படம். பிறந்த வீட்டிலேயே வளர்ந்து, வைத்த பெயரோடு வாழ்பவருக்கு இவை வெறும் விவரங்கள். வீட்டைவிட்டு வெளியேறியவர், பெயரை மாற்றிக்கொண்டவர், ஆண்டுக்கொரு வாடகை வீடு தேடுபவர் ஆகியோருக்கு ஒவ்வொரு கட்டமும் ஒரு வாசற்படி. சட்டம் சமமாக இருந்தும் ஓட்டு ஏன் விழவில்லை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வாக்குச்சாவடியில் போய் விடை தேடுகிறார்கள். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பெயர், முகவரி, உறவு என்ற மூன்று கட்டங்களில் ஆள் விடுபட்டுப் போயிருப்பார்.

‘மூன்றாம் பாலினம்’ எப்போது பட்டியலுக்குள் வந்தது?

2009 நவம்பரில் தேர்தல் ஆணையம் ஆண், பெண் தவிர ‘இதரர்’ என்று பதிந்துகொள்ள வழிவிட்டது. அதுவரை இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். பாலினத்தைத் தானே அறிவித்துக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்ற நால்சா தீர்ப்பு 2014 ஏப்ரல் 15 அன்று வந்தது. ஆக, ஆணையத்தின் உத்தரவு தீர்ப்புக்கு நான்கரை ஆண்டுகள் முந்தியது. இப்போதைய படிவங்களில் ‘மூன்றாம் பாலினம்’ என்றே கட்டம் இருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

2014 மக்களவைத் தேர்தலில் இந்தப் பிரிவில் 28,527 பேர் பதிவாகியிருந்தனர். 2019இல் 39,075. 2024இல் 48,194. மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம்: 8,467 பேர். அடுத்து உத்தரப் பிரதேசம் 6,628, கர்நாடகம் 5,029. பதிவு செய்தவர்களில் ஓட்டுப் போட்டவர்கள் 2019இல் 14.64 சதவீதம், 2024இல் 27.09 சதவீதம். ஏறத்தாழ இரட்டிப்பு என்று செய்தி வந்தது, அது உண்மையும்கூட. ஆனால் தலைக்கணக்கில் அது சுமார் 5,700 பேரிலிருந்து சுமார் 13,000 பேர் ஆனதுதான். அதே 2024 தேர்தலில் மொத்த வாக்குப்பதிவு சுமார் 66 சதவீதம்.

இப்போது பதிவையே மக்கள்தொகையோடு ஒப்பிடுவோம். 2011 கணக்கெடுப்பில் ‘இதர’ பாலினத்தவர் 4,87,803 பேர். அதில் 0 முதல் 6 வயதுக்குள் 54,854 குழந்தைகள். அவர்களில் 5 வயது நிறைந்திருந்தவர் 2024இல் 18ஐத் தொட்டுவிட்டார். அந்த வயதினர் எல்லோரையும் ஒதுக்கிவிட்டு எஞ்சிய 4,32,949 பேரை மட்டும் வைத்துக்கொண்டாலும் பட்டியலில் இருப்பவர்கள் 11 சதவீதம்தான். தமிழ்நாட்டில் அந்தக் கணக்கெடுப்பு கண்டது 22,364 பேரை; 8,467 என்பது அதில் 38 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் நிலையோடு பார்த்தால் நம்முடையது எவ்வளவோ மேல். 2008 ஏப்ரலில் இங்கே திருநங்கைகள் நல வாரியம் அமைந்ததும், அதையொட்டி அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் கிடைக்கத் தொடங்கியதும் இதற்கு ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. கையில் ஏதாவது ஒரு அட்டை இருப்பவருக்கு அடுத்த அட்டை எளிது.

அப்படியானால் பத்தில் ஒன்பது திருநருக்கு ஓட்டே இல்லையா?

அப்படிச் சொல்லிவிடக் கூடாது. மேடைப் பேச்சில் அடிக்கடி நடக்கும் பிழை இது. பட்டியலில் ‘மூன்றாம் பாலினம்’ என்று இல்லாதவர் பட்டியலிலேயே இல்லாதவர் ஆகிவிட மாட்டார். ‘பெண்’ என்று பதிந்துகொண்ட திருநங்கைகளும் ‘ஆண்’ என்று பதிந்துகொண்ட திருநம்பிகளும் நிறையப் பேர். பிறப்பில் தரப்பட்ட பாலினத்திலேயே, சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் கிடப்பவர்களும் உண்டு. இவர்கள் யாரும் 48,194க்குள் வர மாட்டார்கள். கணக்கெடுப்பு எண்ணும் நம்பகமானதல்ல; குடும்பத் தலைவர் சொன்னதையே கணக்கெடுப்பாளர் எழுதிக்கொண்டார்.

வாக்குப்பதிவு சதவீதத்திலும் இதே சிக்கல். வேறு ஊருக்குப் போய்விட்டவரின் பழைய பதிவு நீக்கப்படாமல் இருந்தால் வகுக்கும் எண்ணான பதிவானோர் தொகை வீங்கும், சதவீதம் சுருங்கும். 27 என்ற எண் முழுக்க ஆர்வமின்மையைக் காட்டுகிறது என்று எழுதும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

படிவத்தில் எந்தப் பாலினத்தைக் குறிக்க வேண்டும்? மருத்துவச் சான்று கேட்பார்களா?

புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் பாலினம் நீங்களே சொல்வது. அந்தக் கட்டத்துக்கு மருத்துவச் சான்றோ அறுவைச் சிகிச்சைச் சான்றோ இணைக்கும்படி படிவம் கேட்பதில்லை. வயதுக்கு ஒரு ஆவணம், முகவரிக்கு ஒரு ஆவணம், அவ்வளவுதான். யாராவது கேட்டால், படிவத்தில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஆண், பெண், மூன்றாம் பாலினம் மூன்றில் எதைக் குறிப்பது என்பது உங்கள் முடிவு. நால்சா தீர்ப்பு ‘நீங்கள் மூன்றாம் பாலினம் மட்டுமே’ என்று அடைத்துவைக்கவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். ஒவ்வொரு பதிவின் கீழும் பாலினம் அச்சாகும். கட்சிக்காரர்கள் கையில் அந்தத் தாள் இருக்கும். தெருவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெளிப்படையாக வாழ்பவருக்கு இது பெருமை. அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் வாழும் திருநம்பிக்கு இது வாடகை வீட்டையே பறிக்கக்கூடிய தகவல். ‘மூன்றாம் பாலின’ எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக முகாம்களில் யாரையும் அந்தக் கட்டத்தை நோக்கித் தள்ளக் கூடாது.

படிவம் 6 எங்கெங்கே சிக்கும்?

முதலில் உறவினர் கட்டம். தந்தை, தாய், கணவர், மனைவி ஆகியவற்றோடு, ஆதரவற்றவருக்குச் சட்டப்படியான பாதுகாவலர் என்றும் மூன்றாம் பாலினத்தவருக்கு ‘குரு’ (திருநங்கையைத் தம் சீடராக ஏற்றுக்கொண்ட மூத்தவர்) என்றும் படிவத்திலேயே இடம் இருக்கிறது. இது பல வாக்குச்சாவடி நிலை அலுவலர்களுக்கே தெரியாது. வீட்டில் ஒதுக்கப்பட்டவரிடம் ‘அப்பா பெயர் இல்லாமல் முடியாதும்மா’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது இதனால்தான். குருவின் பெயரை எழுதலாம், அது முறையானது. இங்கே ஓர் ஓட்டையும் உண்டு. குரு என்ற வாய்ப்பு மூன்றாம் பாலினம் என்று குறித்தவருக்குத்தான். ‘பெண்’ என்று குறித்த திருநங்கை மறுபடி தந்தை அல்லது தாய் பெயருக்கே போக வேண்டும். திருநம்பிகளிடையே ஜமாத் (குருவின் கீழ் இயங்கும் திருநங்கைகள் குழு) போன்ற குரு மரபு பொதுவாக இல்லை என்பதால் அவர்களுக்கும் இது பயன்படுவது குறைவு. கொள்கை அளவில் திருத்தக் கேட்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது பெயர். வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, 10 அல்லது 12ஆம் வகுப்புச் சான்றிதழ் ஏற்கப்படும். நீங்கள் எழுதும் பெயரும் இணைக்கும் ஆவணத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய பெயரில் படிவம், பழைய பெயரில் மதிப்பெண் பட்டியல் என்று கொடுத்தால் நிராகரிப்பு ஏறத்தாழ உறுதி. இதற்கு வரிசை முக்கியம்: முதலில் ஆதாரில் பெயரை மாற்றிவிட்டு, அந்த ஆதாரையே வயதுக்கும் முகவரிக்கும் கொடுத்தால் ஒரே தாளில் வேலை முடிகிறது. ஆதாரில் பெயர் மாற்ற மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் சான்றிதழ் அல்லது அரசிதழ் அறிவிப்பு கைகொடுக்கும். ஆதார் எண் தருவது கட்டாயமில்லை என்று ஆணையம் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. படிவத்திலும் ‘ஆதார் இல்லை’ என்று குறிக்க இடம் இருக்கிறது.

மூன்றாவது புகைப்படம்: 4.5க்கு 3.5 சென்டிமீட்டர், வண்ணப்படம், வெள்ளைப் பின்னணி, நேர்முகம். நீங்கள் இன்று எப்படி இருக்கிறீர்களோ அப்படி எடுத்த படம். பழைய படம் வீட்டில் இருக்கிறதே என்று ஒட்டினால் பின்னால் வாக்குச்சாவடியில் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

முகவரிக்கு ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், மின்சார, குடிநீர், எரிவாயு ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவை செல்லும். ‘பதிவு செய்த’ என்ற சொல்லில்தான் வாடகைக்குக் குடியிருப்போர் எல்லோரும் விழுகிறார்கள். எந்த ஆவணமும் இல்லையென்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிட முடியாது. அலுவலர் நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்பதே விதி.

படிவம் கொடுத்ததும் ஒப்புகை எண் வாங்காமல் நகராதீர்கள். எண் இல்லாத விண்ணப்பம் பின்னாளில் ‘வரவே இல்லை’ ஆகிவிடும்.

ஊரில் பழைய பெயரில் ஏற்கெனவே ஓட்டு இருக்கிறது. புதிதாகப் படிவம் 6 போடலாமா?

வேண்டாம். ஒருவர் இரண்டு இடத்தில் பதிவாகி இருக்கச் சட்டம் அனுமதிக்காது. வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக உறுதி கொடுத்தால் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆவது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை உண்டு. நல்ல எண்ணத்தில் முகாம் நடத்துபவர்களே இந்தத் தவறைச் செய்யவைத்துவிடுகிறார்கள்.

இதற்கு உரியது படிவம் 8. இடமாற்றம், பெயர், பாலினம், புகைப்படம், உறவினர் பெயர் திருத்தம், புது அட்டை எல்லாம் இதே படிவத்தில். திருத்தத்துக்கு ஆவண நகலில் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். பழைய அட்டையின் எண் தெரியாவிட்டால் வாக்காளர் சேவை இணையதளத்தில் பழைய பெயர், தந்தை பெயர், தொகுதி கொடுத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 1950 என்ற உதவி எண். ஊருக்குப் போய் அட்டையைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பலரை இதுவரை தடுத்துவைத்திருப்பது அந்த ஒரு பயணத்தின் கசப்புதான்.

18 வயது கணக்குக்கு 2022 ஆகஸ்ட் முதல் ஆண்டில் நான்கு தகுதி நாள்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. தேர்தல் நெருங்கிய பின் வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளோடு கதவு மூடிவிடும். அதன் பின் பட்டியலில் பெயர் ஏறாது.

வீடே இல்லாதவர்கள்?

முகவரிச் சான்று தேவையில்லை. படிவத்தில் இரவில் தூங்கும் இடத்தை எழுத வேண்டும். பேருந்து நிலையத்தின் எந்தப் பக்கம், எந்தக் கடை வாசல் என்று துல்லியமாக. அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் வந்து பார்த்து உறுதி செய்வார். பகலில் வந்து ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவதுதான் நடைமுறையில் நிகழும் கோளாறு. இரவில் வாருங்கள் என்று விண்ணப்பத்தின் மேலேயே எழுதிவையுங்கள்.

ஜமாத்தில் முப்பது பேர். எல்லோருடைய படிவத்தையும் நாங்களே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

வாங்க மாட்டார்கள். ஒருவர் மொத்தமாகக் கொண்டுவரும் விண்ணப்பங்களை ஏற்கக் கூடாது என்பது ஆணையத்தின் நிலையான உத்தரவு. ஒரே வீட்டாருடையதை ஒருவர் கொடுக்கலாம் என்ற விலக்கு உண்டு. குருவும் சேலாக்களும் (சீடர்களும்) ஒரு குடும்பமா என்பதை ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. அந்த வாதத்தில் இறங்குவதைவிட, வாக்காளர் பதிவு அலுவலருக்கு எழுதி ஒருநாள் முகாமை அந்தத் தெருவிலேயே போடச் சொல்வது மேல். இல்லையேல் ஒவ்வொருவரும் தம் கைபேசி எண்ணிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சொந்த எண் இருந்தால் மின்னணு வாக்காளர் அட்டையையும் இறக்கிக்கொள்ளலாம். தபாலில் வரும் அட்டைக்காகக் காத்திருந்து அது ‘ஆள் இல்லை’ என்று திரும்பிப் போகும் தொல்லை இல்லை.

தீவிரத் திருத்தத்தில் பெயர் போய்விட்டது. என்ன செய்வது?

தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணி 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். இந்த முறையில் 2002 அல்லது 2005 பட்டியலில் தம் பெயரையோ, இல்லாவிட்டால் பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர் பெயரையோ காட்டி இணைக்க வேண்டியிருந்தது. 2002இல் சிறுவயதில் இருந்த, இன்று வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு திருநங்கைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு கனமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் எந்தப் பாகத்தில் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் பகுதி) ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்க அவருக்கு ஆள் கிடையாது. அசாமின் தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் சுமார் 2,000 திருநர் விடுபட்டதாக உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுவும் இதே பழைய குடும்ப ஆவணச் சிக்கலைத்தான் சொன்னது.

பழைய பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஊர், தெரு நினைவிருந்தால் யாரிடமும் கேட்காமல் நீங்களே தேடலாம். அதுவும் முடியாவிட்டால் குறிப்பிட்ட ஆவணங்களைக் காட்ட வாய்ப்புத் தரப்பட்டது. பீகாரில் நடந்த இதே திருத்தம் பற்றிய வழக்கில் 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆதாரையும் அடையாள ஆவணமாக அந்த வரிசையில் 12ஆவதாகச் சேர்க்கச் சொன்னது. பெயர் போனவர் பட்டியலில் மீண்டும் நுழைய, மேலே சொன்ன வேட்புமனுக் கெடு வரை படிவம் 6 திறந்தே இருக்கிறது.

உத்தரவு பாதகமாக வந்தால்: வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு. அவர் உத்தரவின் மேல் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது. எழுத்தில் உத்தரவு கேட்டு வாங்குங்கள். ‘பேர் இல்லீங்க’ என்ற வாய்ச்சொல்லின் மேல் மேல்முறையீடு செய்ய முடியாது.

இன்னொன்றும் நடக்கும். படிவம் 7 மூலம் அதே தொகுதி வாக்காளர் யாராவது உங்கள் பெயருக்கு ஆட்சேபம் சொல்லலாம். நோட்டீஸ் பட்டியலில் உள்ள முகவரிக்குத்தான் போகும். வீடு மாறியும் படிவம் 8 போடாதவருக்கு அந்தக் கடிதம் கண்ணில் படாமலே காலம் கடந்துவிடும்.

வாக்குச்சாவடியில் ‘படத்தில் இருப்பது நீங்களா’ என்று நிறுத்திவிட்டால்?

எழுத்துப்பிழை போன்ற சிறு வேறுபாடுகளுக்காகத் தடுக்கக் கூடாது என்று ஆணையம் சொல்கிறது. படம் பொருந்தாமல் ஆளை உறுதி செய்ய முடியவில்லை என்றால் மாற்று ஆவணம் ஒன்றைக் காட்ட வேண்டும். 2024 பட்டியலில் 12 இருந்தன: ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று போகிறது. மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாள அட்டை அதில் இல்லை. குடும்ப அட்டையும் இல்லை. ஒருவருடைய புதிய பெயர், புதிய படம், பாலினம் மூன்றும் சரியாக இருக்கக்கூடிய ஒரே அரசு அட்டை பல சமயம் அந்தத் திருநர் அட்டைதான். அதைப் பட்டியலில் 13ஆவதாகச் சேர்க்க ஆணையத்தின் ஒரு உத்தரவு போதும், சட்டத் திருத்தம் தேவையில்லை. பூத் சிலிப்பும் 2019 முதல் தனி அடையாளமாகச் செல்லாது. பாகம், வரிசை எண் பார்க்கத்தான் அது.

முகவர் ஒருவர் ‘இவர் அவர் இல்லை’ என்று ஆட்சேபித்தால், அவர் முதலில் 2 ரூபாய் கட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். ஆட்சேபம் நிரூபணமாகவில்லை என்றால் உங்களை ஓட்டுப் போட விட்டாக வேண்டும். வேண்டுமென்றே செய்த ஆட்சேபம் என்றால் அந்த 2 ரூபாய் அரசுக்குப் போகும். தொகை சிரிப்பு மூட்டலாம், ஆனால் ‘பணம் கட்டுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்’ என்று அலுவலர் சொன்ன உடனே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் திரும்பிவிடாதீர்கள். ஆள் நீங்கள்தான் என்று உறுதியானால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தருவார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, ஆண்கள், பெண்கள் என்று இரண்டு வரிசை நிற்கும். நீங்கள் எதில் நிற்பது என்று முடிவு செய்ய பாதுகாப்புக் காவலருக்கு அதிகாரம் இல்லை. உள்ளே விடுவதை ஒழுங்குபடுத்துபவர் தலைமை அலுவலர். காலை 7 மணிக்கு முதல் ஆளாகப் போய்விடுவது பலர் கடைப்பிடிக்கும் வழி.

தன்பாலீர்ப்பாளருக்கு இதில் என்ன?

பட்டியலில் யாருடைய ஈர்ப்பும் பதிவாவதில்லை. ஆகவே தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சுருக்கியதற்கும் ஓட்டுரிமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கிடைக்காததால், சேர்ந்து வாழும் துணையின் பெயரைக் கணவர் அல்லது மனைவி கட்டத்தில் எழுத முடியாது. வீடு துணையின் பெயரில் இருந்தால் மின் ரசீது தனக்கு உதவாது. தீர்வு, தன் பெயரில் வங்கிக் கணக்கு முகவரியை மாற்றிக்கொள்வது.

பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் திருநங்கை நிற்கலாமா?

நிலைமை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2000இல் ஷப்னம் மௌசி மத்தியப் பிரதேசத்தின் சோஹாக்பூர் பொதுத் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனார். அதே மாநிலத்தில் கட்னி மேயராக வென்ற கமலா ஜானின் தேர்தலோ, பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதால் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. நால்சாவுக்குப் பின் பார்வை வேறு. மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் பெண்கள் வார்டுக்கு ஒரு திருநங்கை தாக்கல் செய்த மனுவைத் தேர்தல் அலுவலர் தள்ளியபோது, 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவரை நிற்க விட்டது. 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் திருநங்கை கங்கா வென்றார். நிற்க நினைப்பவர்கள் வாக்காளர் பட்டியலில் தம் பாலினம் என்னவென்று இருக்கிறது என்பதை மனுத் தாக்கலுக்கு மாதங்கள் முன்பே பார்த்துவிட வேண்டும். பட்டியலில் ஒன்று, மனுவில் ஒன்று என்றால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

வெளிநாட்டு ஆய்வுகளில் கற்க ஏதாவது உண்டா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகச் சட்டப் பள்ளியில் இருக்கும் வில்லியம்ஸ் ஆய்வு நிறுவனம், அடையாள அட்டைச் சட்டங்கள் திருநர் வாக்காளரை எப்படிப் பாதிக்கும் என்று 2012 முதல் கணக்கிட்டு வருகிறது. முறை எளிது: மாநிலத்தில் ஓட்டுரிமை உள்ள திருநர் எத்தனை என்று மதிப்பிட்டு, அவர்களில் சரியான பெயரும் பாலினமும் உள்ள அட்டை எத்தனை பேரிடம் இல்லை என்ற விகிதத்தால் பெருக்குவது. அந்த விகிதத்தைத் தரும் ஆய்வுகளில் ஒன்று 2015இன் அமெரிக்கத் திருநர் கணக்கெடுப்பு. பதில் சொன்னவர்கள் 27,715 பேர். எல்லா அட்டையிலும் விரும்பிய பெயரும் பாலினமும் உள்ளவர்கள் 11 சதவீதம். ஒன்றில்கூட இல்லாதவர்கள் 68 சதவீதம். நம்மிடம் அப்படியொரு விகிதம் இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

மாவட்ட அளவில் நாங்களே ஆய்வு செய்ய என்ன வேண்டும்?

முதலில் இலவசமாகக் கிடைப்பதை எடுங்கள். ஒவ்வொரு பாகப் பட்டியலின் முதல் பக்கத்திலும் ஆண், பெண், மூன்றாம் பாலினம், மொத்தம் என்று தொகை இருக்கும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சுமார் 300 பாகம். இருவர் இரண்டு நாளில் தட்டச்சு செய்துவிடலாம். எந்தப் பாகத்தில் பூஜ்யம், எந்தப் பாகத்தில் நாற்பது என்று பார்த்தாலே குடியிருப்பு வரைபடம் கண்முன் வரும். தேர்தலுக்குப் பின் ஆணையம் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கையில் தொகுதிவாரியாக வாக்களித்த மூன்றாம் பாலினத்தவர் எண்ணிக்கை கிடைக்கும்.

பின்பு நேர்காணல். ‘ஓட்டுப் போட்டீர்களா’ என்ற ஒற்றைக் கேள்வி பயனற்றது. படிப்படியாகக் கேளுங்கள்: விண்ணப்பித்தாரா, ஏற்றார்களா, அட்டை கைக்கு வந்ததா, அதில் பெயரும் படமும் இன்றைய நிலைக்குப் பொருந்துகிறதா, பட்டியல் முகவரியும் குடியிருக்கும் இடமும் ஒன்றா, சாவடி வரை போனாரா, ஓட்டு விழுந்ததா. எந்தப் படியில் விடுபட்டாரோ அந்தப் படிக்கு மட்டும் காரணம் கேளுங்கள். நூறு பேரில் அறுபது பேர் ‘முகவரி’ப் படியில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் விழிப்புணர்வு நாடகத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் படிவம் 8 முகாமுக்கு மாற்றலாம்.

ஜமாத் வழியாக மட்டும் ஆள் தேடாதீர்கள். திருநம்பிகளும், தனியாக வேலை பார்த்து வாழ்பவர்களும் முழுக்க விடுபடுவார்கள். ஒருவர் இன்னொருவரை அறிமுகப்படுத்தும் சங்கிலியைக் குறைந்தது நான்கைந்து வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்குங்கள். பெயர், பாகம், வரிசை எண் ஆகியவற்றைப் பதில் தாளில் எழுதவே கூடாது. பட்டியல் பொதுவில் இருப்பதால் இரண்டையும் பொருத்தி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

அறிக்கையை யாரிடம், எப்போது கொடுப்பது?

வாக்காளர் பதிவு அலுவலரிடம் ஒன்று, மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் ஒன்று, தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு ஒன்று. காலம்தான் முக்கியம். வழக்கமான ஆண்டுத் திருத்தத்தில் வரைவுப் பட்டியல் அக்டோபர், நவம்பரில் வந்து, இறுதிப் பட்டியல் ஜனவரியில் வரும். வரைவுக்கு முந்திய இரண்டு மூன்று மாதங்களில்தான் பாகம் பிரிப்பது, வீடு வீடாகச் சரிபார்ப்பது, முகாம் தேதி குறிப்பது எல்லாம் முடிவாகும். ஜூலையில் கொண்டுபோனால் கேட்பார்கள். தேர்தல் அறிவித்த பின் கொண்டுபோனால் வாங்கிவைத்துக்கொள்வார்கள்.